வயலுக்குப் போடுகிற உப்பு

முதலில் பிள்ளையின் வாயைச் சுற்றிச் சிவந்தது. மறுநாள் மூக்கடியில். நான்காம் நாள் அரைத்துணியை அவிழ்த்த என் மனைவி சந்தனமாரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பின்பக்கம் முழுக்க வெந்நீர் கொட்டிய மாதிரி தோல் வழன்று கிடந்தது. அன்றைக்கே வயிற்றாலும் போக ஆரம்பித்தது.

இவள் எங்களுக்கு இரண்டாவது பிள்ளை. மூத்தவன் ஏழு மாதம் கொழுகொழுவென்று இருந்தான். எட்டாம் மாதம் இதே இடங்களில் புண் வந்தது, முடி கொட்டியது, பத்தாம் மாதம் போய்விட்டான். அதனால் இவள் பிறந்த பதினாறாம் நாள் மாரியம்மன் கோயில் வாசலில் கிடத்தினோம். பக்கத்துக் குடிசைச் சீனித்தாய் அனாதைப் பிள்ளையைப்போல எடுத்துக்கொண்டாள். ஒரு முறம் தவிட்டை அவள் கையில் கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கினோம். பிச்சையாக வந்ததை எமன் தேடி வரமாட்டான் என்பார்கள். பிச்சம்மாள் என்று பெயர் வைத்தோம்.

நாங்கள் மாப்பிள்ளையூரணியில் இருந்தோம். எனக்குப் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் உரக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற வேலை. சந்தனமாரி சீனித்தாயோடு உப்பளத்துக்குப் போவாள். பிள்ளைக்கு நாலு மாதம் முடிந்து சந்தனமாரி மறுபடி வேலைக்குக் கிளம்பியபோது சீனித்தாய்தான் ஆரம்பித்தாள்.

"ஏளா, நாள் முழுக்க உப்பளத்து வெக்கையில நின்னுட்டு வந்து குடுக்கியே, அது என்ன பாலா? கொதிச்ச தண்ணிளா. மூத்தவனுக்கு ஏழு மாசம் குடுத்து என்ன ஆச்சு? இவளுக்காவது சீக்கிரம் நிறுத்து."

உப்பளத்தில் வேலை பார்க்கிற பெண்கள் எல்லோரும் இதை நம்புவார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் பாலைப் பீச்சித் தரையில் விட்டுவிட்டுத்தான் பிள்ளையை மடியில் போடுவார்கள். மூத்தவனைப் பறிகொடுத்த நாங்கள் இன்னும் ஒரு படி மேலே போனோம். ஐந்தாம் மாதம் முடிந்ததும் சந்தனமாரி மல்லிகைப் பூவை மார்பில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஒரு வாரத்தில் பால் வற்றிவிட்டது. பிள்ளைக்கு மாட்டுப்பாலில் தண்ணீர் விட்டுக் காய்ச்சிக் கொடுத்தோம். உப்பளத்து வெக்கை படாத பால் குடிக்கிறாள், இனி பயமில்லை என்று நானும் தூங்கினேன்.

நாற்பது நாள்கூட ஆகவில்லை. வாய் சிவந்தது.

"அம்மன் இறங்கியிருக்கா" என்றாள் சீனித்தாய். வாசலில் வேப்பிலை சொருகினாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டோம். தாளிப்பு கிடையாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது. மூன்று வாரம். மற்றப் பிள்ளைகளுக்கு அம்மை ஏழாம் நாள் இறங்கிவிடும். இவளுக்கு நகக்கண்ணிலும் முட்டியிலும் புதிதாக ஏறியது. துணியில் முடி கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தது, புருவம்கூட மிஞ்சவில்லை. வெளிச்சம் பட்டால் கண்ணை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள். அழுவதற்கும் சத்தில்லை. பூனைக்குட்டி போல ஒரு முனகல்.

இருபத்திரண்டாம் நாள் காலையில் பிள்ளையைத் துணியோடு தூக்கினேன்.

"எங்கன கொண்டு போறீரு?" என்று சந்தனமாரி வாசலை மறித்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு."

"அம்மன் இருக்கும்போது ஊசி போட்டா தங்காதுன்னு சொல்லுதாவ."

"மூத்தவனுக்கு ஊசி போடல. தங்குனானா?"

அவள் வாசலை விட்டு விலகினாள். சீனித்தாய் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். "போங்க அண்ணாச்சி, போங்க! அம்மன் கோவத்தை வாங்கிக் கட்டிக்கிடுங்க! நாளைக்கு எங்கிட்ட வந்து அழப்பிடாது!" நான் நடக்க ஆரம்பித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் போனதும் பின்னால் சந்தனமாரி வரும் சத்தம் கேட்டது.

கடற்கரைச் சாலையில் அப்போது சின்னதாக ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. குழந்தைகளுக்குப் பார்க்கிற டாக்டர் கிருபாநிதிக்கு முப்பது வயதுதான் இருக்கும். பிள்ளையைத் துணியிலிருந்து எடுத்து மேசையில் கிடத்தியவர், வாயைப் பார்த்தார், கையைப் பார்த்தார், புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார். தலையில் மிச்சமிருந்த முடியை விரலால் லேசாகத் தொட்டார். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"தாய்ப்பால் குடிக்குதா?"

"நிறுத்தியாச்சு சார்."

"எப்ப?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

"புண்ணு எப்ப வந்துச்சு? நிறுத்தினதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால."

"இதுக்கு முன்னால பிள்ளை உண்டா?"

நான் மூத்தவனைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு எப்போது பால் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். ஏழாம் மாதம் என்றேன். எப்போது புண் வந்தது என்றார். எட்டாம் மாதம் என்று சொல்லும்போதே என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது அம்மை இல்ல. நாலஞ்சு வருஷம் முன்னால வரைக்கும் இதுக்கு என்ன காரணம்னு உலகத்துல யாருக்குமே தெரியாது. இப்பத்தான் சீமையில ஒரு டாக்டர் கண்டுபிடிச்சு எழுதியிருக்கார். நம்ம உடம்புக்குத் துத்தநாகம் கொஞ்சம் வேணும். ரொம்பக் கொஞ்சம். அது இல்லேன்னா தோல் ஆறாது, வயிறு நிக்காது, பிள்ளை வளராது. மாட்டுப்பால்லயும் அது இருக்கு. ஆனா இந்தப் பிள்ளையோட குடல் அதை எடுத்துக்க மாட்டேங்குது, பிறவியிலேயே. தாய்ப்பால்ல உள்ளதை மட்டும் எடுத்துக்கிடும்."

"துத்தநாகமா? வாளிக்குப் பூசுவாங்களே சார், அதுவா?"

"அதேதான். மருந்துக்கு உப்பா வரும். துத்தநாக சல்பேட்."

சந்தனமாரி இதில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. "அப்ப என் பாலு கெட்ட பால் இல்லியா சார்?" என்றாள்.

"உன் பால்தாம்மா இத்தனை நாளும் காப்பாத்தினது."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மூத்தவனுக்கும் நான்தான கட்டுனேன்" என்றாள். "பூவை வச்சு நான்தான கட்டுனேன்."

மருந்து ஊரில் இல்லை. எந்த மெடிக்கல் கடையிலும் அந்தக் குளிகை கிடையாது. மதுரைக்கு ஆள் அனுப்பியிருப்பதாகவும், வர மூன்று நான்கு நாள் ஆகும் என்றும் டாக்டர் சொன்னார். அதுவரை தாங்குமா என்று கேட்டேன். "தாங்கணும்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு துண்டுத் தாளில் மருந்தின் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் திரேஸ்புரத்துக்காரி கிருபை, பிறந்து இருபது நாள் ஆன பையனோடு காய்ச்சலுக்குப் படுத்திருந்தாள். டாக்டர் அவளிடம் போய், உன் பாலில் கொஞ்சம் தருவாயா என்று கேட்டார். அவள் எட்டி எங்கள் பிள்ளையைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"மாதாவே! தொத்துமா டாக்டரு?"

"தொத்தாது."

"உறுதியாச் சொல்லுதீயளா? தொத்துச்சுன்னா எம் மாப்பிள்ளை வந்து ஒம்மக் கட்டுமரத்துல கட்டிக் கடல்ல விட்டுருவாரு." பிறகு எங்களைப் பார்த்து, "டம்ளரைத் தாங்க. வாயில வைக்கமாட்டேன், பீச்சித் தாரேன்" என்றாள். கால் டம்ளர் கொடுத்தாள். சந்தனமாரி பஞ்சில் நனைத்து நனைத்து வாயில் விட்டாள். புண் எரிந்ததால் பாதி வழிந்துவிட்டது. குடித்த பாதியும் சாயங்காலத்துக்குள் வயிற்றால் போய்விட்டது.

மறுநாளும் அப்படியே. நர்ஸ் தராசில் வைத்து, முந்தின நாளைவிட இறங்கியிருக்கிறது என்றாள். அதற்கும் மறுநாள் நான் வேலைக்குப் போனேன். போகாவிட்டால் கங்காணி வேறு ஆளைச் சேர்த்துவிடுவான்.

கிட்டங்கியில் அன்றைக்கு ஏரலுக்குப் போகிற லாரிக்கு மூட்டை ஏற்றினோம். பத்துப் பன்னிரண்டு மூட்டை ஏற்றியிருப்பேன். அடுத்ததைக் குனிந்து தூக்கும்போது அதன் மேல் இருந்த எழுத்து முகத்துக்கு நேரே வந்தது. தொழிற்சங்க ஆபீசில் நடத்திய முதியோர் வகுப்பில் இரண்டு வருஷத்துக்கு முன்புதான் எழுத்துக்கூட்டப் படித்திருந்தேன். எந்த எழுத்தைப் பார்த்தாலும் வாய் தானாகக் கூட்டும். துத், த, நா, கம். மூட்டையைக் கீழே வைத்துவிட்டேன். மடியிலிருந்த தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. துத்தநாக சல்பேட்.

"ஏலே ஆவுடையப்பா, மூட்டைக்கு ஜோசியம் பாக்கியா?" என்று கங்காணி சத்தம் போட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நான் மூட்டையைத் தூக்கினேன்.

இந்தச் சரக்கு எனக்குப் புதிது இல்லை. ஏரலுக்குப் பக்கத்தில் என் மச்சானுக்கு ஆற்றுப்பாசனத்தில் கொஞ்சம் நெல் உண்டு. போன வருஷம் நட்ட பயிர் துருப்பிடித்த மாதிரி செம்பழுப்பாகி, வளராமல் நின்றுவிட்டது. விவசாய ஆபீசர் வந்து பார்த்து, மண்ணில் துத்தநாகம் இல்லை, இதைப் போடு என்றார். போட்டான். பத்தாம் நாள் வயல் பச்சையாகிவிட்டது. நானே போய்ப் பார்த்தேன். இலை செம்பழுப்பு, வளர்ச்சி இல்லை, குருத்து வெளிறுகிறது என்று ஆபீசர் பயிருக்குச் சொன்னதெல்லாம் என் பிள்ளைக்கும் அப்படியே பொருந்தியது. டாக்டர் சொன்ன மருந்து இங்கே மலை மாதிரி அடுக்கிக் கிடக்கிறது. அங்கே அது வரும் என்று மதுரைச் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூட்டையில் அந்தப் பெரிய எழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்தது. அதை நான் கூட்டவில்லை. வேளாண்மை உபயோகத்துக்கு மட்டும் என்று அதில் போட்டிருந்ததைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஓரம் கிழிந்த மூட்டை ஒன்றிலிருந்து ஒரு கை அள்ளித் துண்டு முனையில் முடிந்துகொண்டேன். வெள்ளையாகப் பெருங்கல்லுப்பு மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். வெயிலில் வழி முழுக்க ஒரே எண்ணம்தான். ஒரு நாள் முந்தினாலும் முந்தினதுதான்.

வார்டில் சந்தனமாரி இல்லை, துணி அலசப் போயிருந்தாள். கிருபை தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் சாப்பிடப் போயிருந்தாள். பிள்ளை கண்ணை மூடிக் கிடந்தது. கழுத்து நரம்பு துடிப்பது மட்டும் தெரிந்தது. கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. யாரைக் கேட்க? கேட்டால் இன்னும் இரண்டு நாள் பொறு என்பார்கள். டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு சிட்டிகை போட்டேன். கரைந்தது. கொஞ்சம் போதாதோ என்று இன்னும் ஒன்று போட்டேன். சங்கில் ஊற்றிப் புகட்டினேன். பிள்ளை முகத்தைக் கோணியது. விழுங்கிவிட்டது.

பத்து நிமிஷம் இருக்கும். வயிறு ஒருதரம் ஏறி இறங்கியது. பிறகு வாயாலும் மூக்காலும் கொட்டியது. நான் தூக்கி நிமிர்த்துவதற்குள் மறுபடி. மூன்றாம் தடவை ஒன்றும் வரவில்லை, ஓங்கரிப்பு மட்டும்தான். உதடு நீலமாகிவிட்டது. கை தொங்கிவிட்டது.

வாசலில் ஈரத் துணியோடு சந்தனமாரி நின்றாள். டம்ளரையும் துண்டையும் பிள்ளையையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டாள்.

"என்னத்தைக் குடுத்தீரு?"

"மருந்துதான்ளா... துத்தநாகம்..."

"என்னத்தைக் குடுத்தீரு என் பிள்ளைக்கு?"

அவள் போட்ட சத்தத்தில் கிருபை எழுந்து உட்கார்ந்து, "டாக்டரு! டாக்டரு!" என்று வராந்தாவைப் பார்த்துக் கூவினாள். டாக்டர் ஓடி வந்தார், பின்னாலேயே நர்ஸும். பிள்ளையைப் பக்கவாட்டில் சாய்த்து வாயைத் துடைத்தார். நெற்றியில் நரம்பு தேடி ஊசி ஏற்றச் சொன்னார். இரண்டு தடவை தவறி மூன்றாவதில் ஏறியது. பாட்டிலிலிருந்து சொட்டு இறங்க ஆரம்பித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு?"

"ரெண்டு சிட்டிகை சார்."

"எடுத்துக் காட்டு."

துண்டிலிருந்து எடுத்துக் காட்டினேன். என் விரல் மூட்டை தூக்குகிற விரல். நான் ஒரு சிட்டிகை என்று எடுத்ததைப் பார்த்து அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு வாரத்துக்குப் பிரிச்சுக் குடுக்க வேண்டியதை ஒரே வாயில குடுத்திருக்க. அதுவும் இது வயலுக்குப் போடுற உப்புய்யா. சுத்தம் பண்ணாதது. இதுல ஈயம் இருக்கும், என்னென்னமோ இருக்கும். நெல்லு தாங்கும். இது தாங்குமா?"

"பேரு ஒண்ணுதான சார்."

"பேரு ஒண்ணுதான்" என்றார். கோபம் வற்றிப்போன குரல். "பொருளும் ஒண்ணுதான். அளவுதான் மருந்து. சுத்தந்தான் மருந்து. வாந்தி வந்தது நல்லதாப் போச்சு. பாதி வெளிய வந்திருக்கும்."

அந்த நேரத்தில்தான் கம்பவுண்டர் வேதமணி ஏதோ சீட்டோடு உள்ளே வந்தார். கோயில் திருவிழாவுக்கு லீவு போட்டுப் போனவர், அன்று காலைதான் திரும்பியிருந்தார். வாந்தியையும் துண்டில் கிடந்த தூளையும் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"உரம். சிங்க் சல்பேட்டாம். குளிகைக்கு மதுரைக்கு ஆள் போயிருக்குன்னு தெரிஞ்சும் இந்த ஆளு..."

"சிங்க் சல்பேட்டுக்கு எதுக்கு சார் மதுரை? கண்ணுக்குச் சொட்டு மருந்து கலக்க நாமே வச்சிருக்கோமே. சுத்தமானது. பெரிய பாட்டில்ல முக்காவாசி இருக்கு."

டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெற்றியில் கையால் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். "குளிகை குளிகைன்னே நெனைச்சுக்கிட்டு இருந்தேன். அலமாரியைத் திறந்து பாக்கலையே" என்றார். எனக்குச் சொன்னாரா, வேதமணிக்குச் சொன்னாரா தெரியாது.

இருந்தும் உடனே கொடுக்க முடியாது. நான் கொடுத்தது உள்ளே எவ்வளவு நின்றிருக்கிறது என்று தெரியாமல் இன்னொரு துளியும் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாளைக் காலை வரை பார்க்கவேண்டும். மருந்து இருபது அடி தூரத்தில் அலமாரியில் இருக்கிறது. என் கையால் பிள்ளைக்கு அது ஒரு நாள் தள்ளிப் போய்விட்டது.

கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். சந்தனமாரி திரும்பாமலே சொன்னாள். "தொடாதீரும்."

வெளியே வராந்தாவில் தூணோரம் உட்கார்ந்தேன். பிற்பகல் வேலைக்குப் போகவில்லை. கங்காணி என்ன செய்தாலும் செய்துகொள்ளட்டும். உள்ளேயிருந்து கிருபையின் குரல் மட்டும் கேட்டது. "அழாதளா. எம் மாமா ஒருத்தரு தலைவலிக்கு டார்ச் லைட்டு பேட்டரியை உடைச்சு உள்ள இருந்த மருந்தைத் தேச்சவரு. இந்த ஆம்பிளையளே இப்படித்தான்."

சாயங்காலம் பிள்ளைக்கு மூத்திரம் போனது. டாக்டர் அதைக் கேட்டு முதல் தடவையாகத் தலையை ஆட்டினார்.

காலையில் வேதமணி சின்னத் தராசைக் கொண்டுவந்து எங்கள் கண் முன்னாலேயே நிறுத்தார். நிறுத்தது அரிசி மணி இரண்டு மூன்று அளவுகூட இல்லை. காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்துக் கோடு போட்ட குப்பியில் ஊற்றினார். மூன்று வேளையாகப் பிரித்து, பால் குடித்த பிறகு கொடுக்கவேண்டும். சந்தனமாரி அவரிடம் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். குப்பியை அவளேதான் பிடித்தாள். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். பிள்ளை விழுங்கியது. பத்து நிமிஷம் ஆனது. அரைமணி ஆனது. வாந்தி வரவில்லை.

அன்றைக்கு ஏழு தடவை வயிற்றால் போயிற்று. மறுநாள் நான்கு. அதற்கு மறுநாள் ஒன்றே ஒன்று, அதுவும் கொஞ்சம் கெட்டியாக. அதை நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவரும் குனிந்து குனிந்து பார்த்தார். புண் அப்படியேதான் இருந்தது. தோல் ஆற இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றார். மருந்தை நிறுத்தவே கூடாது, வளர்ந்து கல்யாணம் ஆகிப் போனாலும் தினமும் சாப்பிடவேண்டும் என்றார். சந்தனமாரி, "சாப்பிடுவா சார்" என்றாள், பிள்ளைக்கு நாளைக்கே கல்யாணம் என்பதைப் போல.

நான்காம் நாள் காலையில் கிட்டங்கிக்குப் போகும் வழியில் எட்டிப் பார்க்க வந்தேன். வராந்தாவில் ஏறும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. கிருபையின் பையன்தான் என்று நினைத்தேன். உள்ளே போனால் அவன் பாட்டுக்குத் தூங்குகிறான். பிச்சம்மாள்தான் காலை உதைத்துக்கொண்டு, கையை முறுக்கிக்கொண்டு, வீடு தீப்பிடித்த மாதிரி கத்திக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன. ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கத்தினாள். வலியில் முனகும் பிள்ளையை நான் அறிவேன். இது பசி.

"ஏ அண்ணாச்சி!" என்றாள் கிருபை. "விடியக்காலம் புடிச்சு இதே கூத்து. கால் டம்ளர் குடுத்தேன், உறிஞ்சிட்டு இன்னும் தா இன்னும் தாங்குதா. எம் பயலுக்கு மிச்சம் வைப்பாளா, மாட்டாளா? உம்ம மகளுக்கு நான் என்ன பால் பண்ணையா?"

சந்தனமாரி சிரித்துவிட்டாள். சிரித்த வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். பிறகு மாட்டுப்பால் டம்ளரைக் கையில் எடுத்தாள். சூடாக இருந்தது. ஆற்றுவதற்கு இரண்டு கையும் வேண்டும். பிள்ளையைக் கீழே கிடத்தினால் இன்னும் கத்துவாள். சுற்றிலும் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"கை கழுவினீரா?"

"கழுவல."

"கழுவிட்டு வாரும். நல்லாத் தேச்சு."

வராந்தாக் குழாயில் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினேன். நகக்கண்ணில் இருந்த மூட்டைத் தூசியைக் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு மறுபடி கழுவினேன். திரும்பி வந்ததும் அவள் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். அந்தக் கனத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பிள்ளை சும்மா கிடக்கவில்லை. துள்ளியது, முதுகை வளைத்தது, என் சட்டையைப் பிடித்து வாய்க்கு இழுத்தது.

"விடாதீரும், சட்டையைத் தின்னுருவா" என்றாள் சந்தனமாரி. பாலை இந்த டம்ளரிலிருந்து அந்த டம்ளருக்கு வேகவேகமாக ஆற்றினாள்.